வாதி தரப்பு மூன்றாவது சாட்சி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம் இருக்கும் காலனியில் ஹெலனைத் தெரியாதவர்கள் கிடையாது. அதற்குக் காரணம் அவளுடைய வாய். ரேஷன் கடையில் எடை குறைந்தால் வரிசையில் நிற்கும் எல்லோரும் முணுமுணுப்பார்கள். ஹெலன் ஒருத்திதான் மூட்டையைத் திரும்பத் தராசில் வைக்கச் சொல்வாள். கம்பெனி வேன் ஒருநாள் பெண்களை ஏற்றாமல் போய்விட்டால் மறுநாள் வேனுக்கு முன்னால் போய் நிற்பாள். "ஹெலனு வந்துட்டா, வழி உடு" என்று ஆம்பளைகளே ஒதுங்குவார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். கழனியெல்லாம் கம்பெனியான பிறகு அவர்களுடைய பிள்ளைகள் கம்பெனி கேட்டுக்குள் போனார்கள். ஹெலன் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரை துடைக்கும் வேலையில் இருந்தாள். கணவன் அந்தோணி இரும்பு ஆலையில் லோடு ஏற்றினான். இரண்டு பேருமே கான்ட்ராக்ட் ஆட்கள்தான். ஒரே மகள் கிறிஸ்டினா பி.காம். முடித்துவிட்டு, போகிற இடமெல்லாம் பயோடேட்டா கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

கொரோனா அடங்கிய அடுத்த வருஷம் காலனிக்கு மேற்கே ஓடும் ஓடையின் தண்ணீர் பழுப்பாக மாறியது. அழுகின முட்டை நாற்றம். ஹெலன் வளர்த்த ஆடுகளில் இரண்டு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வயிறு உப்பி ஒரே நாளில் செத்தன. பிள்ளைகளின் காலில் புண் வந்தது. தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தார்கள். மனு போன இடத்திலேயே இருந்துவிட்டது.

யாருடைய வேலை இது என்பது காலனிக்குத் தெரியும். முதல் ஷிப்டுக்கு ஐந்தேகால் மணி வேனைப் பிடிக்கப் போகும்போது ஹெலன் மூன்று தடவை கண்ணால் பார்த்திருந்தாள். கம்பெனிக் கழிவு ஏற்றின டேங்கர் லாரி ஓடைக்கரையில் பின்பக்கமாக நிற்கும், தடித்த ஹோஸ் தண்ணீருக்குள் கிடக்கும், டிரைவர் பீடி குடித்துக்கொண்டிருப்பான். லாரி தேசப்பனின் மச்சான் பெயரில் ஓடியது. தேசப்பன் பழைய ஒன்றியச் சேர்மன். இப்போது கட்சியில் மாவட்ட அளவில் பெரிய ஆள். பதவி போய்ப் பல வருஷம் ஆகியும் எல்லோருக்கும் அவர் சேர்மன்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனிக்கு ஆள் எடுப்பதானாலும் அவருடைய ஆட்கள் வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

பூமிகா அப்போதுதான் வந்தாள். திருப்பாச்சூரில் நெல் வைக்கும் குடும்பத்துப் பெண். 'ஊர்நடப்பு' என்ற இணையப் பத்திரிகையின் நிருபர். சென்னையில் ஒரு மாடி அறையில் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் பத்திரிகை அது. ஸ்கூட்டரில் நாலு தடவை வந்தாள். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினாள். ஒவ்வொரு தடவையும் ஹெலன் வீட்டில்தான் நாஷ்டா. "அக்கா, உங்க இட்லிக்காகவே இன்னொரு தடவ வரலாம்" என்பாள்.

கடைசித் தடவை ஓடைக்கரையில் நிற்க வைத்து ஹெலன் பேசியதைப் போனில் பதிவு செய்தாள். அதற்கு முன்னால் ஒரு விஷயம் கேட்டாள்.

"அக்கா, பேரு வேணாம்னா போட மாட்டேன். ஊர்ப் பெண் ஒருத்தர்னு எழுதிடலாம். யோசிச்சிச் சொல்லுங்க."

"ஏன், நான் இன்னா திருடிட்டனா? ஹெலன்னே போடு. போட்டோவும் போடு. நாளைக்கி எவனும் வந்து, அது யாரோ சொன்னாங்கன்னு சொல்லக் கூடாது."

செய்தி வந்தது. ஓடையின் படம், லாரியின் படம், சோதனை அறிக்கை. நடுவில் இடுப்பில் கை வைத்து நிற்கும் ஹெலன். தொழிற்சாலைப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்து போனார்கள். ஒரு மாதம் லாரி வரவில்லை.

அடுத்த மாதம் சேர்மன் வழக்குப் போட்டார். தன் பெயர் கெட்டுவிட்டது, ஒரு கோடி நஷ்ட ஈடு வேண்டும் என்று திருவள்ளூர் கோர்ட்டில் பத்திரிகை மேலும் பூமிகா மேலும். அவர் மச்சான் தன் பங்குக்கு வேறு இரண்டு ஊர்களில் அவதூறு வழக்குப் போட்டார். ஆறு பேர் பத்திரிகை மூன்று ஊர் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதாயிற்று.

பூமிகா போன் செய்தாள். "பயப்படாதீங்கக்கா. கேஸ் எங்க மேலதான். நீங்க பார்த்தத வந்து சொன்னா போதும். நாங்க தப்பிச்சிடுவோம்."

"வர்றேம்மா. நான் இன்னா பொய்யா சொன்னேன்?" என்றாள் ஹெலன்.

அதற்குப் பிறகு ஹெலனை யாரும் மிரட்டவில்லை. வீட்டுக்கு ஆள் வரவில்லை, அவள் வேலையையும் தொடவில்லை. அந்தோணியின் கேட் பாஸ் தேதி முடிந்தபோது அதைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். ஆள் எடுக்கும் மேஸ்திரி வரதன் அதே தெருவில் மூன்று வீடு தள்ளி இருப்பவன். "மேல இருந்து லிஸ்ட் வருது நைனா, நான் இன்னா பண்றது" என்று அந்தோணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அடுத்த வாரம் அதே தெருவில் இன்னும் நாலு பேருக்குப் பாஸ் இல்லை. மாத முடிவில் பதினோரு பேர் காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டு ரோசம்மாள் வந்தாள். அவளுடைய மகனும் அந்தப் பதினோரு பேரில் ஒருவன். சண்டைக்கு வந்திருந்தால் ஹெலன் பதில் சொல்லியிருப்பாள். ரோசம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள்.

"நீ பேசன ஹெலனு. சந்தோசம். உன்னிய மாரி எங்களுக்கு வாய் இல்ல. நாங்க இன்னா பண்ணோம்?"

ஹெலன் மூன்று வாரம் தாக்குப்பிடித்தாள். அந்தோணி ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காமல் அவன் வீட்டில் இருந்ததுதான் அவளை அரித்தது. நாலாவது வாரம் வரதன் வாசலில் நின்றான்.

"சேர்மன் கோவமா இல்லக்கா. ஒரு கையெழுத்து. அவ்ளோதான். பதினோரு பேரும் திங்கக்கெழம கம்பெனி உள்ள போயிடுவாங்க."

சேர்மனின் ஆபீஸில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. அவர் சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"உக்காரும்மா. பத்திரிகக்காரங்க எழுதிட்டுப் பூடுவாங்க. நாமதான இங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு இருக்கணும்."

அவருடைய வக்கீல் டைப் செய்து வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். அந்த நிருபரை நான் சந்தித்ததே இல்லை. செய்தியில் வந்தபடி நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என் புகைப்படத்தை ரேஷன் கார்டு விஷயம் என்று பொய் சொல்லி யாரோ எடுத்துப் போனார்கள். இதுதான் சாரம். ஹெலன் பேனாவைக் கையில் வாங்கினாள். அந்தப் பதினோரு பேரின் முகத்தையும் நினைத்துக்கொண்டாள். அதுவரைக்கும் அவள் மனசில் வேறு எதுவும் இல்லை என்றுதான் அவளே நம்பியிருந்தாள்.

பேனா பேப்பரைத் தொடுவதற்கு முன்னால் அவள் வாய் திறந்தது.

"ஐயா, எம் பொண்ணு பி.காம். படிச்சிட்டு ஊட்லயே கீது."

யாரும் அவளைக் கேட்கவில்லை. யாரும் ஆசை காட்டவில்லை. சேர்மன் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அதுவரை சிரித்த சிரிப்பிலிருந்து அது வேறாக இருந்தது. விலை தெரிந்துவிட்ட பொருளைப் பார்ப்பதுபோல இருந்தது.

"இவ்ளோதானா? வரதா, பேர எழுதிக்கோ."

ஹெலன் கையெழுத்துப் போட்டாள்.

வழக்கில் அவள் வாதி தரப்பு மூன்றாவது சாட்சி. விசாரணை நாளன்று சேர்மனின் காரிலேயே அவளைத் திருவள்ளூருக்கு அழைத்துப் போனார்கள். கோர்ட் வராண்டாவில் பூமிகா ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வாக்குமூலத்தின் நகல் அவளுடைய வக்கீல் கைக்கு முந்தின நாள்தான் வந்திருந்தது போலும், அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை. ஹெலன் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. கையைக்கூடத் தூக்கினாள். பிறகுதான் அவள் கண் அந்தக் காரை அடையாளம் கண்டது. தூக்கின கை மெல்லக் கீழே இறங்கியது.

ஹெலன் கூண்டில் ஏறி நின்றாள். பத்திரிகையின் வக்கீல் வயதானவர், பொறுமையானவர். முதலில் ஊர், பேர், வேலை கேட்டார். பிறகு நீதிபதி அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பூமிகாவின் போனைச் சின்ன ஸ்பீக்கரில் மாட்டி, பதிவைப் போட்டார்.

கோர்ட்டுக்குள் ஓடைக்கரைக் காற்றின் இரைச்சல் கேட்டது. ஒரு ஆடு கத்தியது. அப்புறம் அவளுடைய குரல்.

"இரும்மா, ரயிலு போவட்டும்... ஆங், இப்ப கேளு. சேர்மன் வண்டிதான். மூணு தபா பாத்தேன். நம்பரே சொல்றேன், எழுதிக்கோ. நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்? எனிக்கி யாரு கிட்டயும் ஒரு பயமும் கெடயாது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் முன்னால் ஊர் பேர் சொன்ன அதே குரல்தான் அது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"இது யார் குரல்?" என்று வக்கீல் கேட்டார்.

"தெர்லீங்க."

"உங்க குரல்தானே?"

"இல்லீங்க."

அந்த 'இல்லீங்க'வும் அதே குரலில்தான் வந்தது. நீதிபதி அம்மா எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த டைப்பிஸ்ட் பெண்ணிடம் திரும்பி, சாட்சியின் வாக்காகவே நிதானமாகச் சொன்னார்: "போட்டுக் காட்டப்பட்ட பதிவில் உள்ள குரல் என்னுடையது என்றால் சரியல்ல."

"நிருபர் நாலு முறை உங்க வீட்டுக்கு வந்தாங்களா?"

"வர்லீங்க."

"உங்க வீட்டில் சாப்பிட்டிருக்காங்களா?"

"இல்லீங்க."

"அதோ நிக்கிறாங்களே, அவங்களைப் பாருங்க. இதுக்கு முன்னால பார்த்திருக்கீங்களா?"

பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. ஹெலன் பார்த்தாள். பூமிகா அழவில்லை, முறைக்கவில்லை. ஏதோ உதவி கேட்பவள்போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தது இல்லீங்க."

டைப் அடிக்கும் சத்தம் ஓயும்வரை ஹெலன் கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்திலிருந்து காதுவரை எரிந்தது. கூட்டத்தில் சேலை அவிழ்ந்து விழுந்தாலும் இவ்வளவு கூசியிருக்காது என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்ட அடுத்த திங்கட்கிழமையே பதினோரு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கிறிஸ்டினாவுக்குக் காட்டுப்பள்ளி போகும் சாலையில் ஒரு சரக்குக் கிடங்கின் கணக்குப் பிரிவில் நிரந்தர வேலை. "ஆண்டவர் கண்ணத் தொறந்தாரு" என்றான் அந்தோணி. ரோசம்மாள் மீன் குழம்பு வைத்து எடுத்து வந்தாள். தெருவே ஹெலனுக்கு நன்றி சொன்னது. நன்றி சொல்லச் சொல்ல அவள் உள்ளே சுருங்கினாள். ஊருக்காகத்தான் பொய் சொன்னேன் என்று ஊர் நம்பியது. அதை அவள் மறுக்கவில்லை. கோர்ட்டில் சொன்ன பொய்யைவிட இந்தப் பேசாமை பெரிய பொய்யாக வளர்ந்துகொண்டே போனது.

குரல் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று பத்திரிகையின் வக்கீல் மனுப் போட்டார். அது இழுத்தது. மற்ற இரண்டு ஊர்களிலும் வாய்தா மேல் வாய்தா. ஒன்றரை வருஷத்தில் பத்திரிகை களைத்துப்போய்ச் சமாதானத்துக்கு வந்தது. செய்தியை எடுத்துவிட்டு மன்னிப்புப் போட்டார்கள். ஹெலன் அதைக் கிறிஸ்டினாவின் போனில் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"தவறான தகவலின் அடிப்படையில் வெளியான மேற்படிச் செய்திக்காக மனப்பூர்வமாக வருந்துகிறோம்" என்று கிறிஸ்டினா படித்தாள். "உம் பேரு இல்லம்மா. நல்ல வேள."

தவறான தகவல் என்று போட்டிருந்தது அவள் ஓடைக்கரையில் சொன்னதைத்தான். அவள் வாழ்க்கையிலேயே நெஞ்சைத் தொட்டுச் சொன்ன நிஜம் அது ஒன்றுதான்.

ரேஷன் கடையில் இப்போது அவள் வரிசையோடு வரிசையாக நிற்கிறாள். ஒருநாள் எடை குறைந்தபோது எல்லோரும் பழக்கத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் தரையைப் பார்த்தாள். "இன்னா ஹெலனு, வாய மூடிக்கினு கீற?" என்று யாரோ கேட்டார்கள். "அதத்தான் கோர்ட்டாண்ட உட்டுட்டு வந்துட்டாளே" என்று பின்னால் ஒரு குரல் சொன்னது. சிரிப்பு எழுந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னதுகூட இல்லை, விளையாட்டுக்குத்தான். சர்ச்சில் இராப்போஜன அப்பத் தட்டு வரிசையில் வரும்போது பொய்யோடு அதைத் தொடக் கூடாது என்று அவள் எடுக்காமல் அடுத்தவர் கைக்குத் தள்ளினாள். நாலைந்து மாதம் யாரும் கவனிக்கவில்லை. அந்தோணி கவனித்தான்.

பூமிகா வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்ட பிறகு ஹெலனால் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மூன்று பஸ் மாறித் திருப்பாச்சூருக்குப் போனாள். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். பூமிகாவின் அம்மா யாரென்று தெரியாமல் மோர் கொடுத்தாள். "யாருன்னு சொல்லட்டும்?" என்று கேட்டதற்கு ஹெலனுக்குத் தன் பெயர் வாயில் வரவில்லை. "தெரிஞ்சவங்கன்னு சொல்லுங்கம்மா" என்றாள்.

பூமிகா வந்து நிலைவாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறாளாம். அக்கா என்று அவள் கூப்பிடவில்லை.

"சொல்லுங்க."

"பொய் சொல்லிட்டம்மா."

"தெரியும். அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும்."

"எங்க ஊட்டுக்காரருக்கு வேல பூடுச்சி. தெருவுல பதினோரு பேரு..."

"அதுவும் தெரியும். ரோசம்மா போன் பண்ணி அழுதாங்க. அதனாலதான் உங்க மேல எனக்குக் கோவம் வரல. பதினோரு குடும்பத்துக்காக ஒருத்தங்க கூண்டுல ஏறி நின்னு அசிங்கப்பட்டாங்கன்னுதான் நெனச்சேன். பொய்ச் சாட்சின்னு உங்க மேல மனு போடலாம்னு வக்கீல் சொன்னாரு. நாங்கதான் வேணாம்னு சொன்னோம். நான்தான் ரொம்பக் கெஞ்சினேன்."

இந்த இடத்தில் ஹெலன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். மன்னிப்புக் கேட்க வந்தாள், கேட்காமலே கிடைத்துவிட்டது. ஆனால் அது வேறு யாருக்கோ கொடுத்த மன்னிப்பாகத் தெரிந்தது. பதினோரு பேருக்காகத் தன்னைக் கெடுத்துக்கொண்ட ஒரு நல்ல பொம்பளைக்குக் கொடுத்தது.

"அது மட்டும் இல்லம்மா" என்றாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தான் கேட்டதைச் சொன்னாள். யாரும் கேட்கச் சொல்லவில்லை, தானேதான் கேட்டேன் என்றாள். கிறிஸ்டினாவின் வேலை எங்கே, எப்படி என்று எல்லாம் சொன்னாள்.

உள்ளே குக்கர் விசில் அடித்தது. பூமிகாவின் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இத ஏன் எங்கிட்ட வந்து சொன்னீங்க?" என்று பூமிகா கேட்டாள். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எட்டு வருஷம் நிருபரா இருந்தேன். எல்லாம் போச்சி. ஆனா அதுக்கு ஒரு காரணம் இருக்குன்னு வெச்சிக்கினு இருந்தேன். ஏழைங்க, வேற வழி இல்லன்னு. அதையும் இப்ப வந்து எடுத்துக்கினு போறீங்க."

"நான் போயி ஜட்ஜம்மாகிட்ட நெசத்தச் சொல்லிடறேன்."

"கேஸ் முடிஞ்சிடுச்சி. மன்னிப்பும் போட்டாச்சு. இப்ப சொன்னா உங்களுக்குத்தான் ஜெயில். எங்களுக்கு ஒண்ணும் திரும்பி வராது." கதவின் மேல் கை வைத்தாள். "மன்னிச்சிட்டேன்னு என்னால சொல்ல முடியாது. போயிட்டு வாங்க."

திரும்பும் வழியில் செங்குன்றம் பஸ் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி பஸ் ரெண்டு வந்து போயின. ஹெலன் ஏறவில்லை. மூன்றாவது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது தோன்றியது, உண்மையைக் கேட்க வேண்டியவள் இன்னும் ஒருத்தி இருக்கிறாள்.

வீட்டில் கிறிஸ்டினா மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொள்ளச் சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தோணி வெளியே போயிருந்தான். ஹெலன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கிறிஸ்டினா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். மார்க்கைப் பார்த்து எடுத்தார்கள், இண்டர்வியூவில் நன்றாகப் பதில் சொன்னதால் எடுத்தார்கள் என்றுதான் ரெண்டு வருஷமாக அவள் எல்லோரிடமும் சொல்லி வந்தாள். ஆபீஸில் அவள் வேலை சுத்தம் என்று பேரும் எடுத்திருந்தாள்.

"அப்ப அந்த இண்டர்வியூ?"

"சும்மாடி. பேர மொதல்லயே எழுதிட்டாங்க."

கிறிஸ்டினா கட்டிலில் உட்கார்ந்தாள். "வேலைய உடச் சொல்றியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் ஹெலன் பஸ் முழுக்கத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். வாய் வரவில்லை.

"உட மாட்டேன்" என்றாள் கிறிஸ்டினா. "நீ பண்ணதுக்கு நான் ஏன் உடணும்? நான் ஒழுங்காதான் வேல செய்யறேன்." சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

மகள் அப்படிச் சொன்னதும் ஹெலனின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. வேலை போகவில்லை. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து அவளே பயந்துபோனாள். திருப்பாச்சூர் வரைக்கும் போய் உண்மையைச் சொன்ன பொம்பளையும், சேர்மன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வேலை கேட்ட பொம்பளையும் ஒருத்திதான். முதல் ஆள் வந்ததால் ரெண்டாவது ஆள் எங்கேயும் போய்விடவில்லை.

கிறிஸ்டினா வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். அம்மாவோடு பேசுகிறாள், தேவைக்கு. அதைச் சொன்ன மறுநாள் காலை ஹெலன் எப்போதும்போலத் தக்காளி சாதம் கிளறி டிபன் பாக்ஸில் கட்டி ஷூ பக்கத்தில் வைத்திருந்தாள். கிறிஸ்டினா அதை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தாள்.

"நாளையிலேர்ந்து எனக்கு நானே கட்டிக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டு, கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தாள்.